வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மெக்கானிக்

என் கணவர் கடலில் போனார். ஊர் அப்படிச் சொல்லவில்லை. காரால் போனார் என்றுதான் ஊர் சொன்னது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க நான் அந்தப் பழைய காரின் கீழே படுத்துக் கிடந்த கதை இது.

சுனாமி வந்த அன்று நானும் மகளும் சம்மாந்துறையில் சாச்சி வீட்டில் இருந்தோம். சாச்சி என் உம்மாவின் தங்கச்சி. பள்ளிக்கூட விடுமுறைக்குப் போயிருந்தோம். அவர் மட்டும் சாய்ந்தமருதில் எங்கள் வீட்டில் நின்றார். காலையில் கடல் வந்தது. அவரது ஜனாஸாவை, உயிரற்ற உடலை, வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி எடுத்தார்கள். காரைப் பிறகுதான் கண்டார்கள். எங்கள் ஒழுங்கைச் சந்தின் முனையில், பக்கத்து வீட்டு மதிலில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. திறப்பு, அதாவது சாவி, அதன் ஓட்டையிலேயே தொங்கியது.

அந்தத் திறப்பு போதும் ஊருக்கு. தண்ணீர் வருவதைக் கண்டவர் ஓடித் தப்பாமல் காரைக் காப்பாற்றப் போயிருக்கிறார், கார் கொஞ்சத் தூரம் ஓடி நின்றுவிட்டது, அதற்குள் கடல் பிடித்துவிட்டது. இப்படித்தான் கதை கட்டினார்கள். அனுதாபம் சொல்ல வந்த பெண்கள்கூட, "ஒரு இரும்புக்காக உசிரக் குடுத்திட்டாரேகா" என்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர்கள் மேல் பாதி. அவர் மேல் பாதி. உண்மையிலேயே காருக்காகத்தான் செத்தாரா? எனக்கும் மகளுக்கும் அவர் ஓடி வந்திருக்கலாமே?

கார் ஸ்ரீ இலக்கத் தகடு போட்ட பழைய இங்கிலிஷ் கார். என் கணவரைவிட அதற்கு வயது அதிகம். தண்ணீர் அதன் கதவுக் கண்ணாடி மட்டம் வரை ஏறி இறங்கியிருந்தது. சாச்சியின் வயல்காரர் ஒருவர் உழவு மெஷினில் கட்டி இழுத்து வந்து சம்மாந்துறையில் விட்டார். வீரமுனையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். அவர் தமிழர். என் கணவருக்குப் பல வருசப் பழக்கம். எங்கள் இரண்டு ஊருக்கும் இடையில் முன்பு நடந்தவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர் வந்தார் என்பதே போதும். தெருவிலேயே வைத்து எஞ்சின் எண்ணெயை வடித்து, உள்ளே டீசல் ஊற்றிக் கழுவி, பெற்றோல் தாங்கியைக் கழற்றிச் சேற்றைக் கொட்டி, தன் கராஜில் கிடந்த ஒரு பற்றரியையும் வைத்தார். கார்பரேட்டரில் கொஞ்சம் பெற்றோலை ஊற்றி அடித்ததும் எஞ்சின் இருமிக்கொண்டு ஓடியது. உள் அறையில் இருந்த எனக்குச் சத்தம் கேட்டது. நான் எழும்பி நின்றுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் செத்துப் போனது. திரும்ப ஊற்றி அடித்தார். திரும்ப ஓடியது. திரும்பச் செத்தது.

வெளியே என் கணவரின் தம்பி நின்றார். அண்ணனை அவர் காக்கா என்பார். அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"பாத்தீங்களா பாஸ், அண்டைக்கும் இப்பிடித்தான் நிண்டிரிக்கி. இந்தக் காருதான் எங்கட காக்காவ மௌத்தாக்கின. பழைய இரும்புக்காரன்ட லொறி வரட்டும், ஏத்தி உட்டுருவம்."

நான் அறைக்குள்ளிருந்து கத்தினேன். "என்ட வாகனம் அது. ஆரும் கை வெக்கக் கூடா."

"மதினி, சும்மா இரிங்க. இத்தாவில இருந்து கத்தாதீங்க."

இத்தா என்றால், கணவர் மௌத்தான, அதாவது இறந்துபோன, பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். மணமுடிக்கக் கூடிய எந்த ஆணின் முன்னாலும் வரக் கூடாது. கணவரின் தம்பி அதில் சேர்த்தி. மெக்கானிக் நிச்சயமாகச் சேர்த்தி. கடைசியில் சாச்சி ஒரு தீர்ப்புச் சொன்னா. என் இத்தா முடியும்வரை கார் இருக்கட்டும். அதற்குள் ஓடினால் எனக்கு. ஓடாவிட்டால் லொறிக்கு.

காரை வீட்டின் பின் வளவுக்குத் தள்ளி விட்டார்கள். முன் வளவில் இடமில்லை. கரையோரத்திலிருந்து வந்த சொந்தக்காரப் பெண்களும் பிள்ளைகளும் வீடு நிறைய இருந்தார்கள். பின் வளவில் கிணறு, குளிக்கும் இடம், சமையல். அங்கே பெண்கள் மட்டும்தான். எந்த மெக்கானிக்கையும் உள்ளே விட முடியாது என்று சாச்சி சொல்லிவிட்டா. நான் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறேன், அவர் வந்து பார்க்கட்டும் என்றேன்.

"நீ பூட்டிக்குவாய். மத்த முப்பது பொம்புளைகளையும் எந்தப் பெட்டியில பூட்டுற?"

அப்படியென்றால் அவர் வேலிக்கு வெளியே நிற்கட்டும் என்றேன். பின் வளவைச் சுற்றித் தகர வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒழுங்கை. மெக்கானிக் ஒழுங்கையில் நிற்பார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் கார் அடியில் படுப்பேன். அவர் சொல்லச் சொல்ல நான் செய்வேன். சாச்சி நடுவில் ஒரு பலகையில் இருந்து காவல் காப்பா. குரல் வேலியைத் தாண்டலாம், தேவையான கதை மட்டும் கதைக்க வேண்டும் என்பது அவ போட்ட சட்டம். சாமான்கள் ஒரு பனையோலைக் கடகத்தில் கயிறு கட்டி வேலிக்கு மேலால் போய் வரும்.

எனக்கு அந்தக் காரைப் பற்றித் தெரிந்தது, கதவை அடித்துச் சாத்தினால்தான் பூட்டும் என்பது மட்டும். ஸ்பேனரில் இலக்கம் இருக்கும் என்பதே தெரியாது. அவருக்கோ எதையும் கண்ணால் பார்க்க முடியாது. கண் இல்லாத ஒருவரும் பெயர் தெரியாத ஒருத்தியும் சேர்ந்து கார் திருத்துவது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

"தங்கச்சி, எஞ்சினுக்குப் பின்னால, செவரோட சேந்து ஒரு உருண்டைச் சாமான் இருக்கும். தெரியுதா?"

"உருண்டையா ரெண்டு கிடக்கு."

"பெரிசு."

"ரெண்டும் பெரிசுதான்."

"பெற்றோல் குழாய் பூட்டின சாமான்."

"குழாயும் ரெண்டிலயும் இரிக்கி."

"அது குழாயில்ல தங்கச்சி, வயர்."

"அத மொதல்ல சொல்லியிருக்கலாமே பாஸ்."

சாச்சி அங்கிருந்து, "இதெல்லாம் தேவையான கதையா?" என்று கேட்பா.

முதலில் அவர் பெற்றோலில் தண்ணீர் என்றார். குழாய்களைக் கழற்றி ஊதினேன். வாயெல்லாம் பெற்றோல். சாச்சி எனக்குக் கிட்டவும் வரவில்லை. கார் பழையபடி ஓடிச் செத்தது. பிறகு கார்பரேட்டரில் மண் என்றார். அதைக் கழற்றிக் கடகத்தில் அனுப்பினேன். அவர் கழுவித் திருப்பி அனுப்பினார். பூட்டினேன். ஒரு சிறிய வாஷர் மிஞ்சியது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கார் பழையபடி ஓடிச் செத்தது. பிளக், பொயின்ட், கொயில் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொரு முறையும், "இப்ப நூறு வீதம் சரி" என்பார். நான் திறப்பைத் திருகுவேன். நூறு வீதம் பிழையாகும்.

ஒரு நாள் கேட்டார், "தங்கச்சி, திறப்பத் திருகினதும் டிக் டிக் எண்டு ஒரு சத்தம் கேக்குதா? சின்னதா, பல்லி சொல்ற மாதிரி?"

கேட்கவில்லை. சமையல்காரப் பெண்களை வாயை மூடச் சொல்லிவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். இல்லை.

"அப்ப பம்ப் செத்துப் போச்சு. அந்தச் சத்தம்தான் பெற்றோல் இழுக்கிற சத்தம். உப்புத் தண்ணி திண்டிருக்கு. கழட்டி அனுப்பு."

பம்பைக் கழற்ற ஒரு முழுப் பகல் போனது. கை தோல் உரிந்தது. கடகத்தில் ஏற்றினேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவர் அதைத் தன் பற்றரியில் கொழுவினார். டிக் டிக் டிக் டிக். எனக்கே கேட்டது. சாச்சிக்கும் கேட்டது.

"பம்ப் நல்லாயிருக்கே" என்றார்.

"இஞ்ச அனுப்புங்க."

பூட்டினேன். திருகினேன். சத்தம் இல்லை. திரும்பக் கழற்றினேன். அந்தப் பக்கம் டிக் டிக். இந்தப் பக்கம் பிணம் போல மய்யித்து. மூன்றாம் முறை அவரும் கொஞ்சம் பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"இது என்னெண்டே விளங்குதில்ல தங்கச்சி."

சாச்சி சொன்னா, "அது ஆம்புளப் பம்ப் போல. பொம்புள வளவுக்குள்ள கதைக்கப் பயப்புடுது."

எல்லாரும் சிரித்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கமும் சிரிப்பு. என் கணவர் மௌத்தான பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான். சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதேன். எதற்கு என்று தெரியவில்லை.

அடுத்த முறை அவர் கடகத்தில் ஒரு பின் லைட் பல்ப் அனுப்பினார். அதில் இரண்டு வயர் ஒட்டியிருந்தது. ஒரு வயரைக் காரின் இரும்பில் பிடி, மற்றதை வயர் போகும் பாதையில் ஒவ்வோர் இடமாக வை, பல்ப் பற்றினால் கரண்ட் வருகிறது, பற்றாவிட்டால் வரவில்லை என்றார். இது எனக்கு விளங்கியது. திறப்பின் பின்னால் வைத்தேன், பற்றியது. பம்பில் வைத்தேன், பற்றவில்லை. நடுவில் எங்கோ ஏதோ கரண்டைத் தின்கிறது.

வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது நேரே பம்புக்குப் போக வேண்டும். போகவில்லை. கறுப்பு ஒட்டுநாடா சுற்றிய ஒரு வயர் கீழே இறங்கி, தரை விரிப்புக்கு அடியில் புகுந்து, பின்னால் போனது. விரிப்பு கடல் மண்ணோடு காய்ந்து அப்பளம் மாதிரி இருந்தது. உடைத்து எடுத்தேன். வயர் டிரைவர் சீற்றுக்கு அடியில் போய் முடிந்தது. சீற்றுச் சட்டத்தின் உள் பக்கத்தில் ஒரு சுவிட்ச்.

அந்தச் சுவிட்சை எனக்குத் தெரியும். அது என் மேசை ஃபேனின் சுவிட்ச். பல வருசத்துக்கு முன் அந்த ஃபேன் பழுது, எறிந்துவிட்டேன் என்று என் கணவர் சொன்னார். வெள்ளைச் சுவிட்ச், ஓரத்தில் என் மகள் மருதாணி பூசிய கறை. நகத்தை வைத்து அழுத்தித் தள்ளினால்தான் அசையும். தள்ளினேன். திறப்பைத் திருகினேன். டிக் டிக் டிக் டிக்.

"பாஸ், கேக்குதா?"

"கேக்குது. என்ன செஞ்சாய்?"

சொன்னேன்.

"கள்ளச் சுவிட்ச்" என்றார். "ஆயுதக்காரன் வந்து வாகனத்தத் தா எண்டா, குடுக்கத்தான் வேணும். குடுத்தா, ஏறி ஸ்டார்ட் பண்ணுவான், கார்பரேட்டர்ல கிடக்கிற பெற்றோலுக்கு ஒழுங்கை முனை வரைக்கும் ஓடும், மறுகா நிண்டிரும். பழுதுக் கார் எண்டு ஏசிப்போட்டு உட்டுட்டுப் போயிருவான். கனபேர் செஞ்சாங்க. எனக்கிட்டயே சொல்லாமச் செஞ்சிருக்கான் பாரு, கள்ளன்."

எனக்கிட்டயும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று யோசித்தேன். எவனாவது வந்து கேட்டால் என் வாயால் வராமல் இருக்கவா? அல்லது நான் வாயாடி என்றா? இரண்டும் இருக்கலாம். மனிதர் மௌத்தான பிறகு சண்டையும் பிடிக்க முடியாது.

ஆனால் ஒன்று விளங்கியது. அவர் எந்த நாளும் திறப்பைக் காரிலேயே விட்டுவிட்டு வருவார். நான் எத்தனை முறை ஏசியிருப்பேன். சிரித்துவிட்டுப் போவார். திறப்பு அங்கே தொங்கினால் அவர் காரில் ஏறினார் என்று அர்த்தமே இல்லை. கார் சும்மா நின்றாலும் அது அங்கேதான் தொங்கும். இன்னொன்று, அவர் காரில் ஏறியதும் குனிந்து செருப்பைக் கழற்றிச் சீற்றுக்கு அடியில் வைப்பார். வெறுங்காலோடு ஓட்டும் பழக்கம் என்று நினைத்தேன். குனிந்தது செருப்புக்கு இல்லை, சுவிட்சைத் திறக்க. நான் கண்டெடுத்தபோது சுவிட்ச் மூடியபடி, பெற்றோல் போகாத நிலையில், கிடந்தது. அதனால் அன்று அவர் காரில் ஏறவே இல்லை. காருக்காகச் சாகவில்லை.

இத்தா முடிந்து, வீட்டின் விழுந்த சுவரைக் கட்டி, சாய்ந்தமருதுக்குத் திரும்பிய பிறகு, கணவரின் தம்பியைக் கூப்பிட்டேன். கார் எங்கள் முற்றத்தில் நின்றது. நான் சுவிட்சை மூடி வைத்திருந்தேன்.

"ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி."

"இது ஓடுதெண்டு சொன்னாங்களே."

"ஏறுங்களன்."

ஏறினார். ஸ்டார்ட் ஆனது. என்னைப் பார்த்துச் சிரித்தார். வாசல் படலையைத் தாண்டி ஒழுங்கையில் ஓட்டிக்கொண்டு போனார். நான் பின்னால் நடந்தேன். இப்போது நின்றுவிடும், சுவிட்சைக் காட்டுவேன், திறப்பின் கதையைச் சொல்லுவேன், இனி ஊரில் எவனாவது கார் கதை கதைத்தால் இவரே பதில் சொல்லட்டும் என்பது என் திட்டம்.

கார் இருமியது. செத்தது. நான் கிட்டப் போனேன். அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு நானும் பார்த்தேன். பக்கத்து வீட்டு மதில். கடல் போன பிறகு கார் முட்டிக்கொண்டு நின்ற அதே மதில்.

சுவிட்சைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டார்.

"மதினி" என்றார், "அப்ப காக்கா அண்டைக்கு அவசரத்துல இதப் போட மறந்திட்டார். இஞ்ச வரைக்கும் வந்திரிக்கார்."

நான் காட்ட நினைத்தது ஒன்று. கார் காட்டியது வேறொன்று. தண்ணீர்தான் காரைத் தள்ளி வந்து இங்கே விட்டது என்றேன். தண்ணீர் தள்ளியும் இருக்கலாம் என்றார். அந்த 'உம்' எனக்குத் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது. சுவிட்ச் மூடிக் கிடந்தால் அவர் ஏறவில்லை என்றும் ஆகும், ஏறி மறந்தார் என்றும் ஆகும். மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து கண்டுபிடித்த சாமான் என்னைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட்டது. அதைவிட மோசம். முன்பு கார் மேல் கோபம் வந்தது. இப்போது அந்தச் சுவிட்ச் மேலும் வந்தது.

நான் கார் ஓட்டப் பழகினேன். ஊர் கதைத்தது. கதைக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் பெண்களை ஏற்றினேன், இறக்கினேன். பொயின்ட் தேய்ந்தால் நானே உரசுவேன். பிரேக் இழுத்தால் நானே இறுக்குவேன். மெக்கானிக் இப்போது வளவுக்குள்ளேயே வந்து கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு பிழை சொல்லுவார். "வேலிக்கு அங்கால இருந்தப்ப நீ சொன்னத நம்பினன், இப்ப பாக்கக்குள்ள பயமாக் கிடக்கு" என்பார். சுவிட்சை நான் கழற்றவில்லை. ஆட்களும் வாகனங்களும் காணாமல் போய்க்கொண்டிருந்த வருசங்கள் அவை. ஏறும்போது குனிந்து திறப்பேன், இறங்கும்போது குனிந்து மூடுவேன். திறப்பைக் காரிலேயே விடுவேன். மகள் ஏசுவாள்.

ஒவ்வொரு முறை குனியும்போதும் அதே கேள்வி. மறந்தாரா? ஏறவில்லையா? சில நாள் மறந்தார் என்று முடிவெடுப்பேன். சில நாள் ஏறவில்லை என்று முடிவெடுப்பேன். எந்த முடிவோடும் என்னால் இரண்டு நாளைக்கு மேல் இருக்க முடியவில்லை.

யுத்தம் முடிந்த அன்று பகல் நானும் மகளும் முற்றத்தில் பாயில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தோம். வானொலி போடவில்லை. எங்களுக்கு ஒன்றும் தெரியாது. சந்திப் பக்கமிருந்து திடீரென்று வெடிச் சத்தம். ஒன்று இல்லை, கொத்துக் கொத்தாக. பிறகு ஆட்கள் கத்தும் சத்தம். மகள் "உம்மா" என்றாள். அவ்வளவுதான் எனக்கு நினைவு. அவளைக் கையில் பிடித்தேன், காருக்குள் தள்ளினேன், ஏறினேன், எடுத்தேன். நெல்லுக்கு மேலால் ஏறி, படலையைத் தாண்டி, ஒழுங்கையைத் தாண்டி, அந்த மதிலையும் தாண்டிப் பெரிய தெருவுக்கு வந்துவிட்டேன். அங்கே பொடியன்கள் சீன வெடி கொளுத்திக்கொண்டு நின்றார்கள். ஒருவன் வந்து கண்ணாடியில் தட்டி, "சண்ட முடிஞ்சிட்டு ராத்தா, பயப்படாதீங்க" என்றான்.

காரை ஓரம் கட்டினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. கார் சாகவில்லை. மதிலைத் தாண்டி வந்துவிட்டது.

"நான் குனிஞ்சனானா?" என்று மகளிடம் கேட்டேன்.

"எப்ப?"

"ஏறக்குள்ள. சீற்றுக்கடியில கை வெச்சனானா?"

"வெச்சீங்க. எப்பவும் வெக்கிறதானே. வீட்ட போவம் உம்மா, நெல்லு கிடக்கு."

எனக்கு வைத்தது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. உயிர்ப் பயத்தில் மகளின் பெயர்கூட வாயில் வரவில்லை. கை மட்டும் தன்பாட்டில் போய்ச் சுவிட்சைத் திறந்திருக்கிறது. நாலைந்து வருசம் பழகிய என் கைக்கே அப்படியென்றால், அதைத் தானே பூட்டி, அதைவிடக் கூட வருசம் குனிந்து எழும்பிய அவரின் கை?

வீட்டுக்குப் போகவில்லை. நேரே கணவரின் தம்பியின் கடைக்குப் போனேன். வாசலில் நின்றபடியே சொன்னேன். அவர் தராசுக்குப் பின்னால் இருந்து கேட்டார். கேட்டு முடிய, கடைப் பலகையில் அப்படியே குந்திவிட்டார்.

"நெசமாத்தானா மதினி?"

"நெசமாத்தான். ஏறியிருந்தா தொறந்திரிப்பார். தொறந்திருந்தா போயிரிப்பார். ஏறல்ல."

"நான்தான் ஃபோன் எடுத்தன்" என்றார்.

"என்ன ஃபோன்?"

"அண்டைக்கு. கடல் ஏறுதெண்டு எனக்கு ஆரோ சொன்னாங்க. நான் காக்காக்கு எடுத்துச் சொன்னன், நடந்து வராதீங்க, காரெடுத்துட்டு வாங்க எண்டு. ஓமெண்டார். அதோட ஃபோன் நிண்டிட்டு."

அன்று அந்தக் காரை இரும்புக்குப் போடச் சொல்லி ஏன் குதித்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்கு அதைக் கண்ணால் பார்க்க முடியாமல் இருந்திருக்கிறது. அவரை ஏசத்தான் வாயைத் திறந்தேன். வேறு ஏதோ வந்தது.

"நீங்க சொன்னதக் கேட்டு அவர் காருக்குப் போகல்ல தம்பி. அவர் எப்ப ஆருட சொல்லக் கேட்டார்?"

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. தெருவில் யாரோ சண்டை முடிந்ததற்குப் பாற்சோறு கொடுத்துக்கொண்டு போனார்கள். அவர் வாங்கவில்லை. நானும் வாங்கவில்லை. பிறகு கேட்டார்.

"அப்ப காக்கா எங்கதான் நிண்டார்?"

"தெரியா."

அது உண்மை. இன்றைக்கும் தெரியாது. அவரின் கை என் கை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். அவர் எங்கே நின்றாரோ, காருக்குள் நிற்கவில்லை.

தம்பி எழும்பிக் கடையைப் பாதி சாத்தினார். "அந்தச் சுவிட்ச ஒருக்காக் காட்டுங்க" என்றார். இருவரும் தெருவுக்கு வந்தோம். அவர் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, குனிந்து, கையை உள்ளே விட்டுத் தேடினார். நான் இடம் சொல்லிக் கொடுக்கவில்லை. அவராகவே கண்டுபிடிக்கட்டும் என்று நின்றேன்.